மருந்துக் கடையில் சொன்ன நம்பர்

எனக்குச் சர்க்கரை வந்த செய்தியை இந்த உலகத்தில் ஒருவரிடம் மட்டும் சொல்லக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன். அந்த ஒருவருடைய போன் நம்பரைத்தான் மருந்துக் கடையில் கொடுத்துவிட்டு வந்தேன்.

வேண்டுமென்று செய்யவில்லை. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கண்ணாடிக் கதவும் ஏசியும் போட்ட கடை அது. ஊரெல்லாம் கிளை வைத்திருக்கிறார்கள். டாக்டர் சீட்டை நீட்டினேன். கவுன்டரில் இருந்த பெண் மாத்திரையைத் தேடுவதற்கு முன்பே, கம்ப்யூட்டரைவிட்டுக் கண்ணை எடுக்காமல், "நம்பர் சொல்லுங்கக்கா" என்றாள். என் வாய் தானாகப் பத்து எண்களை ஒப்பித்தது. எங்கள் வீட்டில் கேஸ், ரேஷன் கார்டு, கரண்ட் பில், மகள் படித்த காலேஜ், அவள் கல்யாணத்துக்குப் பிடித்த மண்டபம் வரை எல்லாமே என் கணவர் நம்பரில்தான். என் நம்பரைக் கேட்டால் நான் கொஞ்சம் யோசித்துச் சொல்வேன். அவர் நம்பரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தடுமாற மாட்டேன்.

"ஏற்கெனவே ரிஜிஸ்டர் ஆயிருக்குக்கா" என்றாள் அந்தப் பெண். எப்போதோ இருமல் மருந்து வாங்கியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். மாத்திரையை வாங்கிக் கைப்பையில் போட்டு, கதவைத் தள்ளி வெயிலில் கால் வைத்த பிறகுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது. திரும்பி ஓடினேன்.

"தப்பு நம்பர் குட்த்துட்டேம்மா. மாத்தணும்."

"மாத்தலாங்கா. அந்த நம்பருக்கு ஒரு ஓடிபி வரும், அத்த சொல்லுங்க."

"அந்த போன் எங்கிட்ட இல்லம்மா."

"அப்ப மாத்த முடியாதுக்கா" என்றவள், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "டிஸ்கவுன்டு எல்லாம் உங்க குடும்பத்துக்குத்தானே வருது" என்று ஆறுதல் சொன்னாள்.

அவளைத் திட்டுவதற்கு எனக்கு வாய் கிடையாது. நான் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் ஓர் எடைமேடையில் கம்ப்யூட்டர் பார்க்கிறேன். லாரி மேடையில் ஏறி நின்றதும் ஜன்னல் வழியாக நான் கேட்கும் முதல் கேள்வி, "நம்பர்?" வண்டி நம்பர், அதன் பிறகு டிரைவரின் போன் நம்பர். எதற்கு என்று எப்போதாவது ஒருவர் கேட்டால், "சிஸ்டம் கேக்குதுண்ணே" என்பேன். சிஸ்டம் எதற்குக் கேட்கிறது என்று எனக்கும் தெரியாது. அந்தக் கட்டம் காலியாக இருந்தால் எடைச் சீட்டு வராது, அவ்வளவுதான். ஒருமுறை ஒரு டிரைவர் கடுப்பில் வரிசையாகப் பத்து ஒன்பதுகளைச் சொன்னார். சிஸ்டம் சந்தோஷமாக வாங்கிக்கொண்டது. எனக்கு அந்தச் சாமர்த்தியம் வரவில்லை.

கணவரிடம் மறைத்ததற்குக் காரணம் என் அம்மா. வியாசர்பாடி ஹவுசிங் போர்டு வீட்டில் சர்க்கரையோடு பதினாறு வருஷம் இருந்தவர் அவர். முதலில் ஒரு விரலை எடுத்தார்கள், பிறகு பாதத்தை. கடைசி இரண்டு வருஷம் எங்கள் வீட்டில்தான் கிடந்தார். புண்ணைக் கழுவியது பெரும்பாலும் என் கணவர். துறைமுகத்திலிருந்து கன்டெய்னர் ஏற்றிக்கொண்டு போகும் ட்ரெய்லர் ஓட்டுகிறவர், டிரிப் முடிந்து வந்து, சட்டையைக் கழற்றிவிட்டு முதல் வேலையாக அதைச் செய்வார். அதே வேலையை இன்னொரு முறை அவர் கையில் கொடுக்க எனக்கு மனசில்லை. பக்கத்திலுள்ள அரசு சுகாதார நிலையத்தில் மாத்திரை இலவசம்தான். ஆனால் அங்கே வரிசையில் நிற்பவர்களில் பாதிப் பேர் எங்கள் தெரு. யாருக்கும் தெரியாமல் வாங்கலாம் என்றுதான் அந்தக் கண்ணாடிக் கடைக்கே போனேன்.

அன்றிலிருந்து அவர் கேட்பார் என்று காத்திருந்தேன். முதல் வாரம் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாவது வாரம் ஒரு மாலை, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது டிவி பக்கத்தில் கிடந்த அவர் போனில் மெசேஜ் சத்தம் கேட்டது. சோற்றுக் கையோடு எழுந்து ஓடினார். இடது கையால் எதையோ அழித்துவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்தார்.

"யாரு?" என்றேன்.

"கம்பெனிக்காரன். வேற வேல இல்ல அவனுக்கு" என்றார். முகத்தை நிமிர்த்தவில்லை.

எனக்குப் புரிந்துவிட்டது. மருந்துக் கடை அனுப்பிய மெசேஜ் அது. அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. தெரிந்தும், நானாகச் சொல்லும்வரை கேட்கக் கூடாது என்று இருக்கிறார். இருபத்தாறு வருஷம் கூட வாழ்ந்த ஆளிடம் இப்படியொரு நாசூக்கை நான் எதிர்பார்க்கவே இல்லை.

அடுத்தடுத்து அத்தாட்சிகள் வந்தன. மூன்று ஸ்பூன் சர்க்கரை இல்லாமல் டீயைத் தொடாத மனிதர் ஒருநாள், "இனிமே எனக்கு சக்கர போடாதமே" என்றார். ஏன் என்றதற்கு, "உடம்புக்கு நல்லதுன்றாங்க" என்றார். மகளின் நாத்தனார் வீட்டு விசேஷத்துக்கு மாதவரம் போனோம். இலையில் வைத்த ஜாங்கிரியை ஓரமாக ஒதுக்கினார். எனக்குத் துணையாக அவரும் விடுகிறார் என்று நினைத்து, அந்த இலைக்கு முன்னாலேயே கண் கலங்கினேன். நான் சோற்றைக் குறைத்துக் காயைக் கூட்டினேன். முகம் சுளிக்காமல் சாப்பிட்டார். கோதுமைக் கஞ்சி வைத்தேன். "நல்லா கீது" என்றார். கோதுமைக் கஞ்சியை எந்த ஆம்பளையாவது நல்லா கீது என்று சொல்வானா? பக்கத்து வீட்டுக்காரியிடம் பெருமையடிக்க முடியவில்லையே என்பது ஒன்றுதான் குறை.

என் போனும் என்னைக் காட்டிக்கொடுக்கப் பார்த்தது. சர்க்கரை உள்ளவர்கள் மாம்பழம் சாப்பிடலாமா என்று ஒரே ஒருமுறை அதில் தேடியிருந்தேன். அதன் பிறகு எதைத் திறந்தாலும் பாகற்காய்ப் பொடி, நாவல் கொட்டைத் தூள், மெத்தென்ற செருப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் என் போனில் வீடியோ பார்க்க உட்கார்ந்தார். நடுவில், சர்க்கரை நோயாளிகளே என்று ஒரு பெண் உரக்க ஆரம்பித்தாள். எனக்கு வியர்த்துவிட்டது. அவர் அவசர அவசரமாக அதைத் தள்ளிவிட்டார். அப்போதும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்ன மனுஷன் என்று நினைத்தேன்.

இப்படி நாலு மாதம் ஓடியது. என் கல்யாண வாழ்க்கையிலேயே அவரிடம் எனக்கு இவ்வளவு பிரியம் இருந்ததில்லை.

ஐந்தாவது மாதம் மாத்திரை வாங்கப் போனேன். அதே பெண்தான். நம்பரைத் தட்டியதும், "ரெண்டும் குடுத்துரட்டுமாக்கா?" என்றாள்.

"எந்த ரெண்டு?"

"ரெண்டு மாத்திர போய்க்கினு கீதேக்கா. நீங்க இங்க வாங்குறது ஒண்ணு. ராயபுரம் பிராஞ்ச்ல வாங்குறது ஒண்ணு. அதுவும் சுகருதான், பவர் கொஞ்சம் ஜாஸ்தி."

"நான் ராயபுரத்துல எதுவும் வாங்கலியே."

அவள் மானிட்டரை என் பக்கம் திருப்பினாள். தேதி வாரியாக வரிசை. நான் முதன்முதலாக வாங்கியதற்கு நான்கு மாதம் முன்பே அது தொடங்கியிருந்தது. துறைமுக கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் கிளை. நடுவில் ஓர் இடத்தில் மாத்திரையின் அளவு கூடியிருந்தது. எந்த மாதம் என்று பார்த்தேன். அவர் டீயில் சர்க்கரையை விட்ட மாதம்.

அந்தப் பெண், "சாருக்காக்கா?" என்றாள். ஆமாம் என்று தலையாட்டினேன். என் வீட்டில் நடப்பதை எனக்கு அவள் சொல்லவேண்டியிருந்தது.

வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்தேன். கட்டியவருக்கு நோய் என்று தெரிந்தால் ஒரு பெண்டாட்டிக்கு முதலில் பயம் வரவேண்டும். எனக்கு வந்தது கோபம். அந்த ஜாங்கிரி எனக்காக ஒதுக்கப்படவில்லை. அந்தக் கஞ்சி எனக்காகக் குடிக்கப்படவில்லை. நாலு மாதமாக நான் உருகி உருகி நேசித்த ஆள் ஒருத்தரே இல்லை. இரண்டு பஸ்களை விட்ட பிறகுதான் பயம் வந்தது.

அன்று மாலை ஆறு மணிக்கு அவர் வந்தார். முகம் கழுவிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். டீயை முன்னால் வைத்துவிட்டு நின்றேன்.

"ராயபுரத்துல இன்னாய்யா மாத்திர வாங்குற?"

டம்ளர் பாதி வழியில் நின்றது. "யாரு சொன்னது?"

"கடக்கார பொண்ணு."

"எந்தக் கடக்கார பொண்ணு?"

"நான் போற கடை."

"நீ இன்னாத்துக்கு மருந்துக் கடைக்குப் போற?"

கைப்பையைத் திறந்து என் மாத்திரை அட்டையை எடுத்து டீ பக்கத்தில் வைத்தேன். அவர் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெயரைப் படிக்கத் தேவையிருக்கவில்லை. அவருக்குப் பழக்கமான பெயர்.

"அப்ப நீ சோத்தக் கொறச்சது, கஞ்சி வெச்சது எல்லாம்?" என்றார் மெதுவாக.

"எனக்கு."

"எனக்குன்னு நெனச்சேன்மே. உனக்கு விஷயம் தெரிஞ்சிபோச்சு, கேட்டா நான் சங்கடப்படுவேன்னு நீ கம்முனு பார்த்துக்கினு கீறன்னு நெனச்சேன்."

"கட மெசேஜ் வந்துச்சே. நீ வாங்காத நாள்லயெல்லாம் பில்லு வந்திருக்குமே?"

"வந்துச்சு. அவன் மெசேஜ் அனுப்பறதுக்குன்னே பொறந்தவன்னு அழிச்சிக்கினு இருந்தேன்."

அன்று மாலை எங்கள் வீட்டில் இரண்டு தியாகிகள் ஒரே நேரத்தில் காலமானார்கள். மிச்சம் இருந்தது இரண்டு சர்க்கரைக்காரர்கள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "உங்கம்மா கால பார்த்துப் பார்த்து நீ அழுதது போதாதா?" என்றார். நான் எனக்குள் வைத்திருந்த காரணத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்தது போல இருந்தது. அதற்குமேல் கோபப்பட முடியவில்லை.

இன்னொரு காரணமும் இருந்தது. வண்டி. "கம்பெனிக்குத் தெரிஞ்சிதுன்னா ஸ்டேரிங்க புடுங்கிடுவான். கன்டெய்னர் யார்டுல கேட்டத் தெறந்து வுட்டுக்கினு நிக்கணும்." முப்பது வருஷம் வண்டி ஓட்டியவருக்கு அது சாவுக்குச் சமம். அன்றைக்கு அவருக்குப் புதிதாக வந்த கவலையும் அதுதான். ராயபுரத்தில் வாங்கியது திருவொற்றியூரில் தெரிகிறது என்றால் இன்னும் எங்கெங்கே தெரியும்? போன வாரம் ஒருத்தன் போன் செய்து, சார் உங்களுக்கேற்ற செருப்பு இருக்கிறது என்றானாம். கால் அளவு மட்டும்தான் அவன் கேட்கவில்லை.

கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். இனி கம்ப்யூட்டர் வைத்த கடையே வேண்டாம். எங்கள் தெரு முனையில் அண்ணாச்சி ஒருவரின் பழைய மெடிக்கல் இருக்கிறது. தூத்துக்குடி பக்கத்துக்காரர். நம்பர் கேட்க மாட்டார், பில்கூடக் கேட்டால்தான். மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் அங்கே போய், இரண்டு சீட்டையும் மடித்துக் கொடுத்தேன். அண்ணாச்சி கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு சீட்டைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

"சுகர் மாத்திரயா?" என்றார். அண்ணாச்சிக்குக் காது கொஞ்சம் மந்தம், அதனால் குரல் பெரிது. "யாருக்கும்மா சுகரு? உனக்கா, அவருக்கா?"

கடை வாசலில் பால் பாக்கெட்டோடு நாலு பேர் நின்றார்கள். நான் மெதுவாக, "ரெண்டு பேருக்கும்ணே" என்றேன்.

"ரெண்டு பேருக்குமா! எப்பம் இருந்து?"

சாயங்காலம் நான் வீடு திரும்பும்போது வாசலில் ஒரு கட்டு ஆவாரம்பூ இருந்தது. எதிர்வீட்டு அம்மா பாகற்காய்ப் பொரியல் கொண்டுவந்தார். பால் பாக்கெட்டுக்காரர்களில் ஒருத்தி, என் கணவரின் கம்பெனியிலேயே ட்ரெய்லர் ஓட்டுகிறவரின் மனைவி. கண்ணாடிக் கடை எங்கள் விஷயத்தை எட்டு மாதமாகக் காப்பாற்றியதைவிட அதிகமாக யாரும் காப்பாற்றியிருக்க முடியாது என்று அன்று தோன்றியது.

மூன்றாம் நாள் யார்டு சூப்பர்வைசர் அவரைக் கூப்பிட்டனுப்பினார். வாய்ச் சண்டை போட்டுவிடுவாரோ என்று பயந்து, நானும் அரைநாள் லீவு போட்டுவிட்டுக் கூடப் போனேன். எண்ணூர் விரைவுச் சாலையைத் தாண்டி, கன்டெய்னர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்த யார்டு. ஆபீஸும் ஒரு பழைய கன்டெய்னர்தான், ஜன்னல் வெட்டி ஏசி வைத்தது. எனக்கு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். என் கணவர் நின்றுகொண்டார்.

"உனக்கு சுகருன்னு சொல்றாங்க?" என்றார் சூப்பர்வைசர்.

"லைட்டா சார்."

"லைட்டாவா?" சூப்பர்வைசர் சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை, தைரியம் சொல்வதாக நினைத்துத்தான் அடுத்ததைச் சொன்னார். "ரெண்டு வருஷம் முன்ன கேம்ப் வெச்சமே, அந்த லிஸ்ட்லயே உன் பேரு செவப்புல கீதுபா. இவ்ளோ நாளா ஓட்டிக்கினுதானே இருக்க? யாரு உன்ன எறக்குனாங்க? டாக்டர்கிட்ட ஒரு சர்டிபிகேட் வாங்கிக் குடு, ஓட்டிக்கினே இரு."

வேலை போகவில்லை. நான் மூச்சுவிட்டேன். என் கணவர் மட்டும் அசையாமல் நின்றார்.

அந்த கேம்ப் எனக்கும் ஞாபகம் இருந்தது. விரலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள், பெயரும் போன் நம்பரும் எழுதிக்கொண்டார்கள், மாம்பழ ஜூஸ் கொடுத்து அனுப்பினார்கள் என்று அன்று வந்து சொன்னார். ரிசல்ட் என்று ஒன்று வரவே இல்லை. வராததால் நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டோம். அந்த கேம்ப்புக்கும், உடம்பு சரியில்லை என்று அவர் தானாக டாக்டரிடம் போனதற்கும் நடுவில் ஒரு வருஷத்துக்கு மேல் போயிருந்தது. அந்த ஒரு வருஷமும் அவர் மூன்று ஸ்பூன் சர்க்கரை போட்டு, ஒரு நாளைக்கு ஆறு டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு வருஷமா உங்களுக்குத் தெரியுமா சார்?" என்றார்.

"இன்சூரன்ஸுக்காக எடுத்ததுபா. மேல அனுப்பிட்டோம்."

"எனக்கு ஏன் சார் சொல்லல? என் ரத்தம் சார் அது."

"எனக்கு அந்த பேப்பர் வேணும்" என்றார் என் கணவர். மூலையில் உட்கார்ந்திருந்த கிளார்க் நிமிர்ந்து, "அதெல்லாம் வெளிய குடுக்கக் கூடாது. பர்சனல் டேட்டா" என்றார்.

"யாரோட பர்சனல்?"

கிளார்க் யோசித்தார். "உங்களோடதுதான்" என்றார்.

வேறு சமயமாக இருந்தால் என் கணவர் கத்தியிருப்பார். ஆனால் அவர் குரல் உள்ளே போய்விட்டது. வேண்டும், கொடுத்தால்தான் போவேன் என்று மட்டும் சொல்லிவிட்டு அந்த மேஜைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கிளார்க், மொத்த லிஸ்டையும் ஒருத்தருக்குக் காட்டமுடியாது, மற்றவர்கள் விவரமும் அதில் இருக்கிறது என்றார். அது நியாயம்தான். நான் எழுந்து போனேன்.

"நானும் கம்ப்யூட்டர்தான் சார் பாக்குறேன். அவர் ஒருத்தர் வரிய மட்டும் தனியா எடுத்து பிரிண்ட் போடலாம். அஞ்சு நிமிஷம் ஆவாது."

கிளார்க் சூப்பர்வைசரைப் பார்த்தார். சூப்பர்வைசர் ஏசியைப் பார்த்தார். பிறகு, குடுத்துத் தொலை என்பது போலக் கையை அசைத்தார். பிரிண்டரிலிருந்து ஒரே ஒரு வரி அச்சான ஒரு முழுத்தாள் வந்தது. பெயர், வயசு, எங்களுக்கு மனப்பாடமான அந்த போன் நம்பர், கடைசியில் சர்க்கரை அளவு.

திரும்பிப் பார்த்தால் கதவில் நாலைந்து டிரைவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். எவ்வளவு நேரமாகக் கேட்டார்களோ தெரியவில்லை. "சார், என்னுதும் கொஞ்சம் பாரு சார்" என்றார் முதலில் நின்றவர். அவருக்குப் பின்னால் இன்னொருவர். போர்ட் டோக்கனுக்கு நிற்பது போல வரிசை படியிறங்கி வெளியே போனது. கிளார்க் ஒவ்வொருவரையும் தனியாக உள்ளே கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். அவரைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் வெளியே வருகிற முகத்துக்குக் கதவு கிடையாது. நரைத்த மீசை வைத்த ஒருவர் வெளியே வந்து, அங்கே கிடந்த ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்துவிட்டார். என் கணவர் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். எனக்கும் இருக்குபா, மாத்திர சாப்ட்டா சரியாப்பூடும், சாயந்தரம் நான் கூட வரேன் டாக்டர்கிட்ட என்று அவர் சொல்வது எனக்குக் கேட்டது. எட்டு மாதம் என்னிடம் சொல்ல முடியாததை, பெயர்கூடச் சரியாகத் தெரியாத ஒருவரிடம் எட்டு நிமிஷத்தில் சொல்லிவிட்டார். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

சர்டிபிகேட் கொடுத்தார், வண்டி ஓட்டுகிறார். இந்த வருஷம் கம்பெனியில் மறுபடியும் கேம்ப் போட்டார்கள். பெயர், போன் நம்பர் என்று நர்ஸ் பேனாவைத் தூக்கியதும், இவர் விரலை நீட்டாமல், "மொதல்ல ரிசல்ட்ட எங்க கைல சொல்றேன்னு சொல்லும்மா, அப்பால நம்பர்" என்றாராம். பின்னால் நின்ற அத்தனை டிரைவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். கொஞ்ச நேரம் யாரும் விரல் கொடுக்காமல் கேம்ப் நின்றுபோனது. சூப்பர்வைசர் வந்து ஒப்புக்கொண்ட பிறகுதான் மறுபடி தொடங்கியது.

அன்று மதியமே வீட்டுக்கு வந்தார். முகத்தில் ஒரு வெற்றி.

"கைல குட்த்தாங்களா?" என்றேன்.

"அதுக்கெல்லாம் பேப்பர் இல்லியாம்மே. மைக்ல படிச்சாங்க."

"மைக்லயா?"

"பேரோட. யார்டு பூரா கேட்டுச்சு" என்றவர், சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "ஆனா எனக்குக் கொறஞ்சிகீது."